சீராகத் துடிக்கும் இதயத்தில் என்ன கோளாறு?

புனேவிலிருந்து அகில்யாநகர் போகும் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வந்தால் ரஞ்சன்காவ். நேற்றுவரை அந்தச் சாலைக்கு அகமத்நகர் சாலை என்று பெயர். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் சாலையை ஒட்டியே இருக்கிறது. கொஞ்சம் தள்ளித் தொழிற்பேட்டை. காரும் ஃப்ரிட்ஜும் இரவு பகலாகத் தயாராகின்றன. சுற்றிலும் வெங்காயம், கரும்பு. இப்படி ஒரு ஊரில் எத்தனை பேருக்கு முடக்குவாதம் இருக்கும்?

இந்தக் கேள்விக்கு உத்தேசமாக அல்லாமல் கணக்கோடு பதில் சொல்ல முடிவதற்குக் காரணம், இதே புனே மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் பிக்வன். சோலாப்பூர் சாலையில், உஜனி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர். பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு அது பறவைகளின் ஊர். மூட்டுவாத மருத்துவர்களுக்கு வேறு காரணத்துக்காகப் பழக்கமான பெயர். 1996ல் புனேயைச் சேர்ந்த டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு அங்கே வீடு வீடாகப் போனது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டு மூட்டுவாத மருத்துவ அமைப்பும் சேர்ந்து 1981ல் தொடங்கிய ‘காப்கார்ட்’ திட்டத்தின் இந்தியக் கிளை அது. உள்ளூர்த் தொண்டர்கள் கதவைத் தட்டி, ‘எங்காவது வலிக்கிறதா’ என்று கேட்டார்கள். 4,092 பெரியவர்களிடம் கேட்டதில் 746 பேர் ஆமாம் என்றார்கள். நூற்றுக்குப் பதினெட்டு. அந்த வலிகளில் பெரும்பாலானவை முதுகு, முழங்கால், வயல்வேலை சார்ந்தவை. முடக்குவாதம் என்று உறுதியானது சுமார் 0.5%. இருநூறு பெரியவர்களில் ஒருவர். தில்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஏ.என். மாளவியா குழு 1993ல் வெளியிட்ட கணக்கு 0.75%.

இருநூறில் ஒருவர் என்றால் ரஞ்சன்காவின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பெண். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் ஆரம்பித்திருக்கும். விரல் கணுக்களும் மணிக்கட்டும் இரு கையிலும் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரமாவது விரலை மடக்க முடியாது. பாக்ரி ரொட்டிக்கு மாவு பிசையப் பத்து மணி ஆகிவிடும். தமிழ்நாட்டில் சரவாங்கி என்று சொன்னால் பாட்டிமார்களுக்குப் புரியும். தன் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. தேய்மானத்தால் வருவதல்ல.

வீட்டாருக்கும், பல சமயம் மருத்துவருக்கும், கண்ணில் படுவது மூட்டு மட்டும்தான். ஆனால் முடக்குவாதம் உள்ளவர்கள் எதனால் இறக்கிறார்கள் என்று பார்த்தால் பட்டியலின் மேலே இருப்பது இதயம். 2008ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதய, ரத்தக்குழாய் நோய்களால் இவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் வழிகாட்டி நெறி இன்றும் இதய ஆபத்துக் கணக்கில் வரும் விடையை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓம்ஸ்டெட் மாவட்டத்து மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2005ல் வெளிவந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் திடீர் இதய மரணம் ஏறக்குறைய இரு மடங்கு. நெஞ்சுவலியே சொல்லாமல் வந்துபோன, பிறகு ஈசிஜியில்தான் தெரியவந்த மாரடைப்புகளும் அப்படியே.

ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது ஒரு காரணம். அழற்சி அதை வேகப்படுத்துகிறது. அது தெரிந்த கதை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது இன்னொரு காரணம். திடீர் மரணமும், வலி தெரியாத மாரடைப்பும் நரம்பைச் சந்தேகிக்கச் சொல்கின்றன.

ஆரோக்கியமான இதயம் கடிகாரம்போல் துடிக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 72 என்றால், இரண்டு துடிப்புக்கு இடையே ஒவ்வொரு முறையும் 833 மில்லிசெகண்ட் இருக்கும் என்று பொருளில்லை. 790, 850, 910, 840 என்று அலைந்துகொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது இடைவெளி குறுகும், விடும்போது நீளும். ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் குதிரையின் தமனியில் குழாய் செருகி, ரத்த அழுத்தம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்டு 1733ல் எழுதிவைத்தார். 1847ல் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் புகைக்கரி பூசிய தாளைச் சுற்றி நாடியை வரைய வைத்து, மூச்சும் துடிப்பும் கைகோத்துப் போவதைக் காட்டினார்.

இந்த அலைவுக்குப் பொறுப்பு பெரும்பாலும் ஒரே நரம்புடையது: மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியே இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று அலைந்து திரியும் வேகஸ். இதயத்தின் சைனஸ் கணு என்ற இயற்கை பேஸ்மேக்கரை எந்த நரம்பும் தொடாமல் விட்டால் இளைஞர்களுக்கு நிமிடத்துக்கு நூறு முறையாவது துடிக்கும். நாம் 70ல் உட்கார்ந்திருக்கிறோம் என்றால் வேகஸ் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சை இழுக்கும்போது பிரேக் கொஞ்சம் தளர்கிறது, விடும்போது மறுபடி விழுகிறது. வேகஸ் வெளியிடும் அசிட்டைல்கோலின் ஒரு நொடிக்குள் வேலை செய்து, உடனே சிதைந்தும் போய்விடும். அதனால்தான் துடிப்புக்குத் துடிப்பு மாற்றம் செய்ய வேகஸால் முடிகிறது. வேகத்தைக் கூட்டும் பரிவு நரம்புகள் சோம்பேறிகள். அவை விழித்து வேலையைக் காட்டப் பல நொடிகள் ஆகும்.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1994 ஆகஸ்ட் 3 அன்று தில்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார். அதன்பின் சென்னையில் மட்டுமே எத்தனையோ நடந்துவிட்டன. மாற்று இதயத்துக்கு நரம்பு இணைப்பு அறுந்துபோயிருக்கும். அது தொண்ணூறு, நூறு என்று ஓடும். மூச்சு உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் இடைவெளி ஏறக்குறைய அசையாது. கடிகாரம் மாதிரி துடிக்கும் இதயம் வேண்டுமென்றால் அதுதான்.

இந்த இடைவெளி மாறுபாட்டை எண்ணாக்கிய பிறகு, அதற்கு மருத்துவத்தில் மரியாதை கூடியது. 1987ல் மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேருக்கு ராபர்ட் க்ளைகர் குழு 24 மணி நேரப் பதிவு எடுத்தது. இடைவெளிகளின் திட்டவிலக்கம் 50 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு 5.3 மடங்கு. 1996ல், அதாவது பிக்வனில் கதவு தட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில், ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து இதை அளக்கும் முறைக்குப் பொது விதிகள் வகுத்தன. ஐந்து நிமிடப் பதிவு, 24 மணி நேரப் பதிவு என்ற பிரிவு அங்கிருந்து வந்தது.

பெரிய கருவி இல்லாமலும் இதைப் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த பகுதி. எடின்பரோவின் டேவிட் யூயிங், நீரிழிவு நோயாளிகளின் நரம்புகளைச் சோதிக்க 1970களில் தொடங்கி ஐந்து எளிய சோதனைகளைத் திரட்டினார். அவற்றில் ஆழ்மூச்சுச் சோதனைக்கு வேண்டியது ஒரு ஈசிஜி மெஷின், ஒரு கைக்கடிகாரம், ஒரு ஸ்கேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவைதான்.

நோயாளியைப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா படுக்க வைக்க வேண்டும். அதற்கு முன்பு டீ கிடையாது, புகையிலை கிடையாது. மகாராஷ்டிரக் கிராமத்துப் பெண்கள் பல் தேய்க்கும் மிஷ்ரியும் கருக்கிய புகையிலைதான் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஐந்து நொடி இழு, ஐந்து நொடி விடு என்று எண்ணிக்கொண்டே ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஈசிஜி தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, ஆக, ஒரு மி.மீ. என்பது 40 மில்லிசெகண்ட். தாளை மேஜையில் விரித்து, உயர்ந்த முனைக்கும் அடுத்த உயர்ந்த முனைக்கும் உள்ள தூரத்தை அளக்கலாம். முப்பது வயது ஆரோக்கியமான பெண்ணுக்கு மூச்சிழுக்கையில் 18 மி.மீ., விடுகையில் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் துடிப்பு நிமிடத்துக்கு 83லிருந்து 62 வரை அலைகிறது. வித்தியாசம் 21. யூயிங் கணக்கில் 15க்கு மேல் இருந்தால் சரி. 10க்குக் கீழே கோளாறு. அதே வயதில் பல வருடம் முடக்குவாதத்தோடு இருக்கும் இன்னொருத்திக்கு 17 மி.மீ., 18.5 மி.மீ. என்று வரலாம். 88, 81. வித்தியாசம் ஏழு. தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தால் கோடுகள் அழகாக, ஒரே சீராக இருக்கும். தெரியாதவர் அதைத்தான் நல்ல ஈசிஜி என்பார்.

வயது ஏற ஏற இந்த வித்தியாசம் எல்லோருக்கும் குறையும். அறுபது வயதுக்காரரிடம் 15 எதிர்பார்ப்பது அநியாயம்.

மற்ற நான்கு சோதனைகளை நம் நோயாளிகளிடம் செய்து பார்த்தால், நீரிழிவுக்கு எழுதிய சோதனை மூட்டுநோய்க்குப் பொருந்தாமல் நிற்பது தெரியும். கைப்பிடிச் சோதனையில், முழு பலத்தில் முப்பது சதவீதத்தை ஐந்து நிமிடம் வரை இறுக்கிப் பிடித்து ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வீங்கிய விரல் கணுக்களோடு யார் பிடிப்பார்? பிடித்தாலும் ஏறுகிற அழுத்தம் நரம்பின் வேலையா, வலியின் வேலையா? படுத்திருந்து சட்டென எழுந்து நிற்கும் சோதனைக்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். வாயால் ஊதி 40 மி.மீ. பாதரச அழுத்தத்தைப் பதினைந்து நொடி நிறுத்தும் வால்சால்வா சோதனைக்குத் தாடை மூட்டு வலிக்காமல் இருக்க வேண்டும். முடக்குவாதம் தாடையையும் விடுவதில்லை. கடைசியில் குழப்பமில்லாமல் கையில் மிஞ்சுவது ஆழ்மூச்சுதான்.

முடக்குவாதத்தில், வேகஸும் பரிவு நரம்புகளும் சேர்ந்த தானியங்கு நரம்பு மண்டலம் பழுதாகிறது என்று 1979லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எட்மண்ட்ஸ் குழு எழுதியது. அதன்பின் சிறு சிறு ஆய்வுகள் நிறைய. 2014ல் பர்மிங்காமைச் சேர்ந்த அகமது அட்லான் குழு நாற்பது ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நோயாளிகளில் 20%லிருந்து 86% வரை ஆளுக்கொரு கணக்கு, நடுமதிப்பு 60%. இவ்வளவு அகன்ற வீச்சே ஓர் எச்சரிக்கை. சோதனை முறை வேறு, நோயின் காலம் வேறு, மருந்து வேறு. ஆனால் திசை ஒன்றுதான்: வேகஸின் பிரேக் தளர்ந்திருக்கிறது, பரிவு நரம்பு ஓங்கியிருக்கிறது. அதே குழு பிறகு மெல்லிய ஊசி மின்முனையைக் கால் நரம்பில் செலுத்தி, பரிவு நரம்பின் குமுறலை நேரடியாகவே பதிவு செய்து காட்டியது.

ஏன் தளர்கிறது? ஒரே காரணம் சொல்ல முடியாது. வலி, தூக்கமின்மை, நடமாட்டம் குறைவது, ரத்தசோகை எல்லாம் பங்காளிகள். நெடுநாள் நோயில் நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறுகுழாய்கள் அழன்று நரம்பே சேதமாவதும் உண்டு. ஆனால் முக்கியமானது, மூட்டில் உற்பத்தியாகி ரத்தத்தில் கலக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் செய்தியாளர்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும்போது துடிப்பு மாறுபாடு தாழ்ந்திருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

இங்கே கதை திரும்புகிறது. இதுவரை வேகஸைப் பாதிக்கப்பட்ட கட்சியாகத்தான் பார்த்தோம். நியூயார்க்கின் கெவின் டிரேசி குழு 2000ல் நேச்சர் இதழில் எலிகளை வைத்துக் காட்டியது வேறு: வேகஸைத் தூண்டினால் டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது. 2002ல் டிரேசி இதை அழற்சியின் அனிச்சைச் செயல் என்று வர்ணித்தார். பாதை கொஞ்சம் சுற்றுவழி. வேகஸின் செய்தி மண்ணீரல் நரம்புக்குப் போகிறது. அங்கே வெளியாகும் நோர்அட்ரீனலின் ஒருவகை டி அணுக்களைத் தட்டுகிறது. அந்த அணுக்கள் அசிட்டைல்கோலின் சுரக்கின்றன. அதைப் பெற்ற மேக்ரோஃபேஜ் அணு டி.என்.எஃப். தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. நரம்பு மண்டலமும் நோயெதிர்ப்பு மண்டலமும் தனித்தனி ராஜ்ஜியங்கள் என்று கல்லூரியில் படித்தவர்களுக்கு இது ஜீரணிக்கச் சற்று நேரம் எடுத்தது.

அப்படியானால் எது முதலில்? அழற்சி வேகஸைத் தளர்த்துகிறதா, தளர்ந்த வேகஸ் அழற்சியை அவிழ்த்துவிடுகிறதா? ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீடா கூப்மன் குழு 2016ல் ஒரு துப்பு கொடுத்தது. மூட்டு இன்னும் வீங்காத, ஆனால் நோய் வரும் அறிகுறியான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்த ஆட்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களிடமே துடிப்பு மாறுபாடு குறைந்திருந்தது; ஓய்வுநிலைத் துடிப்பு கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னால் நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். நரம்பின் கோளாறு மூட்டு வீக்கத்துக்கு முன்பே உட்கார்ந்திருக்கிறது என்றே படித்தேன். ஆனாலும் முன்னால் வந்தது என்பதால் அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல இந்த ஆய்வு மட்டும் போதாது.

அதே ஆண்டு அதே குழு இன்னொரு காரியம் செய்தது. வலிப்பு நோய்க்குப் பொருத்தும் வேகஸ் தூண்டல் கருவியை 17 முடக்குவாத நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். தூண்டும்போது டி.என்.எஃப். குறைந்தது, மூட்டு வீக்கம் தணிந்தது. இரண்டு வாரம் கருவியை அணைத்ததும் நோய் தலைதூக்கியது. மறுபடி இயக்கியதும் அடங்கியது. அணைத்தால் திரும்பி வரும் நோய், மருந்து ஆய்வாளர்களுக்கு நல்ல சாட்சி. இதன் வாரிசாக, கழுத்தில் வேகஸின் மேலேயே உட்காரும் சிறு கருவியொன்றுக்கு 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் மட்டுமே தூண்டும். 242 பேரிடம் நடந்த சோதனையில், மூன்று மாதத்தில் ஓரளவு முன்னேறியவர்கள் தூண்டல் பெற்றவர்களில் 35%, கருவி இருந்தும் தூண்டல் பெறாதவர்களில் 24%. இந்த இடைவெளியைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க எனக்குத் தோன்றவில்லை. ஊசி மருந்துகளுக்கும் அடங்காத நோயாளிகளிடம் கிடைத்த விடை என்பதால் தள்ளிவிடவும் முடியாது.

நம் பக்கத்தில் கத்தியில்லாத வழியொன்றை முயன்றார்கள். புதுச்சேரி ஜிப்மரின் உடலியங்கியல் துறையும் நோயெதிர்ப்பியல் மருத்துவத் துறையும் சேர்ந்து 166 முடக்குவாத நோயாளிகளை இரண்டாகப் பிரித்தன. இரு பக்கத்துக்கும் வழக்கமான மருந்து உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக 12 வாரம் யோகப் பயிற்சி. யோகக் குழுவில் நோயின் தீவிரம் குறைந்ததோடு, துடிப்பு மாறுபாடு வேகஸ் பக்கம் சாய்ந்ததாக 2020ல் வெளியிட்டார்கள். இதே கேள்வியை எடுத்துக்கொண்ட சண்டிகர் வட்டாரத்தின் ஆஷித் சிங்கல் குழு யோகாவைத் தொடாமல், மெத்தோட்ரெக்ஸேட் முதலான மருந்துகளை மட்டும் வைத்து ‘டயானா’ என்ற ஆய்வைச் செய்தது. மூட்டுவாதத்தின் வேரைத் தாக்கும் மருந்துகளைச் சரியாகக் கொடுத்தால், வேகஸ் சார்ந்த சோதனைகளும் மேம்படுகின்றன என்பது அதன் சாரம். கிராமத்துக்கு உடனே பயன்படுவது இதுதான் என்பேன். வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரைக்கு மண்ணீரல் நரம்பைப் பற்றிய விளக்கம் தேவையில்லை.

யோகாவையும் இந்த எண்களையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். கணினி, துடிப்பு அலைவை அலைவெண்வாரியாகப் பிரிக்கும். 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை உள்ளது வேகஸின் பங்கு, 0.04 முதல் 0.15 வரை உள்ளதைப் பலர் பரிவு நரம்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பிராணாயாமப் பழக்கத்தில் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தால் அவர் மூச்சின் அலைவெண் 0.1 ஹெர்ட்ஸ். வேகஸ் முழு வேகத்தில் வேலை செய்தாலும் அதன் உழைப்பெல்லாம் பக்கத்து வீட்டுக் கணக்கில் ஏறும். அறிக்கை, ‘பரிவு நரம்பு ஓங்கியிருக்கிறது, மன அழுத்தம் அதிகம்’ என்று சொல்லும். மனிதர் பரம நிம்மதியாக இருப்பார். பதிவு எடுக்கும்போது மூச்சையும் எண்ணாமல் வெளியிடப்பட்ட இந்த இரு பங்குகளின் விகிதத்தை நான் நம்புவதில்லை.

இப்போது ஸ்மார்ட்வாட்ச் கட்டியவர் எவரும் காலையில் எழுந்ததும் இந்த எண்ணைப் பார்க்கிறார். ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞன் கையிலும் அது இருக்கும். தூக்கம் கெட்ட மறுநாள், காய்ச்சல் வந்த நாள், முந்தின இரவு குடித்த நாள் என எல்லாவற்றிலும் எண் சரியும். ஒருவர் எண்ணை இன்னொருவரோடு ஒப்பிடுவதில் அர்த்தமேயில்லை. 30ம் 70ம் இரண்டுமே இயல்பாக இருக்கலாம். தன் எண்ணைத் தன்னோடு பல வாரம் ஒப்பிட்டால் கொஞ்சம் விஷயம் கிடைக்கும். பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவருக்கு ஓய்வுத் துடிப்பு குறைந்து, மாறுபாடு கூடுவதுபோல் காட்டும். நீரிழிவு சேர்ந்திருந்தால் எது மூட்டுநோயின் வேலை, எது சர்க்கரையின் வேலை என்று பிரிப்பது கடினம். நம் ஊர்களில் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சகஜம்.

ஆகவே முடக்குவாதத்தோடு வரும் ஒரு பெண்ணிடம் ஆழ்மூச்சு வித்தியாசம் ஏழு என்று வந்தால் அதை வைத்து என்ன செய்வது? அந்த எண்ணுக்கென்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்ப்பார். கொழுப்பு, சர்க்கரை அளவைக் கேட்பார். மிஷ்ரியை விடச் சொல்வார். வலிநிவாரணியோடு நிறுத்திக்கொள்ளாமல் அழற்சியை அடக்கும் மருந்தைத் தொடங்குவார் அல்லது கூட்டுவார். மயக்க மருந்து கொடுத்து மூட்டு மாற்று அறுவை செய்ய வேண்டிவந்தால், பிரேக் தளர்ந்த இதயம் ரத்த அழுத்தச் சரிவைச் சமாளிக்கத் திணறும் என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார். நடுராத்திரி மூச்சுத்திணறலோ, காரணமில்லாத வியர்வையோ, மேல்வயிற்றில் இனம்புரியாத சங்கடமோ வந்தால் நெஞ்சு வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் ஈசிஜி எடுக்க ஓடிவரும்படி அந்தப் பெண்ணிடமும் வீட்டாரிடமும் சொல்லி அனுப்புவார்.